திரைப்படச் சங்கத்தின் ஆண்டு நிறைவும் புதிய திரையிடல் தொடரும்: ஒரு முழுமையான வழிகாட்டி

ஆண்டு நிறைவையொட்டிப் புதிய திரையிடல் தொடரைத் தொடங்கும் திரைப்படச் சங்கங்களில், புதிதாகப் பொறுப்பேற்ற செயற்குழுவினர் பெரும்பாலும் படப்பட்டியலையும் அழைப்பிதழையும் கையில் எடுத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறார்கள். அவை இரண்டும் பாதி வழியில் வரவேண்டிய வேலைகள். அவற்றுக்கு முன் செய்யவேண்டியவை செய்யப்படாமல் போனால், அச்சிட்ட படத்தைத் திரையிட முடியாமல் வேறொன்றைத் தேடும் நிலையும், விழா மாலையில் நிறைந்த அரங்கு அடுத்த திரையிடலில் வெறிச்சோடும் நிலையும் வருகின்றன. கீழே உள்ள வரிசை அந்த இரண்டையும் தவிர்ப்பதற்காக அமைக்கப்பட்டது. எனவே வரிசையை மாற்றாமல் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தொடங்குமுன் கைவசம் இருக்கவேண்டியவை

இதுவரை திரையிட்ட படங்களின் பதிவேடு, உறுப்பினர் பதிவேடு, சங்கத்தின் விதிமுறைகள், கடந்த ஆண்டின் வரவுசெலவுக் கணக்கு ஆகிய நான்கையும் ஒரே இடத்தில் திரட்டிக்கொள்ள வேண்டும். திரையிடல் பதிவேடு முழுமையாக இல்லாவிட்டால், பழைய துண்டறிக்கைகளிலிருந்தும் மூத்த உறுப்பினர்களின் குறிப்புகளிலிருந்தும் இயன்ற அளவு மீட்டெடுக்கலாம்.

ஆட்களைப் பொறுத்தவரை, படத்தேர்வு, உரிமைதாரர்களோடு கடிதப் போக்குவரத்து, அரங்கும் ப்ரொஜெக்டரும், பணம் ஆகிய நான்கு பொறுப்புகளுக்கும் தனித்தனி ஆள் இருப்பது நல்லது. ஆள் குறைவாக இருந்தால் எந்த இரண்டையும் சேர்க்கலாம். ஆனால் படத்தேர்வையும் பணத்தையும் ஒருவரிடமே விடவேண்டாம். தாம் விரும்பிய படத்துக்காகக் கணக்கைத் தளர்த்திக்கொள்ளும் ஆசை, சினிமாவை நேசிக்கும் எவருக்கும் இயல்பாக வரும்.

விழா நாளுக்கு ஆறு மாதங்களுக்கு முன் வேலையைத் தொடங்குவது பொருத்தமானது. நான்கு மாதங்களிலும் முடிக்கலாம். அதற்கும் குறைவான காலத்தில், உரிமைக் கடிதங்களுக்குப் பதில் வருவதற்கு முன்பே துண்டறிக்கையை அச்சுக்குக் கொடுக்கவேண்டிய நெருக்கடி வந்துவிடும்.

1. எத்தனையாவது ஆண்டு என்பதை உறுதிசெய்தல்

சிறிய வேலைதான், ஆனால் விழா அழைப்பிதழில் அடிக்கடி தவறு நேரும் இடம் இதுவே. 2001 ஜூனில் தொடங்கிய சங்கம், 2025 ஜூனில் 24 ஆண்டுகளை நிறைவுசெய்து 25ஆம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறது. 25 ஆண்டுகள் நிறைவடைவது 2026 ஜூனில்தான். இரண்டில் எதைக் கொண்டாடினாலும் தவறில்லை. ஆனால் அழைப்பிதழில் ஒன்றும் மேடைப் பதாகையில் மற்றொன்றும் இருக்கக்கூடாது.

சங்கம் பதிவுசெய்யப்பட்ட நாளும் முதல் திரையிடல் நடந்த நாளும் பெரும்பாலும் வேறாக இருக்கும். முதல் திரையிடல் நாளையே தொடக்கமாகக் கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது; எந்த நாளைத் தேர்ந்தாலும் அதைச் செயற்குழுத் தீர்மானமாக எழுதிவைத்துவிட்டால், அடுத்து வருபவர்கள் மறுபடி விவாதிக்க நேராது.

2. அரங்கையும் நாட்களையும் முதலில் பிடித்தல்

படங்களைத் தேர்வதற்கு முன்பே, விழா நாளுக்கு மட்டுமின்றித் தொடர் முழுவதற்கும் அரங்கை முன்பதிவுசெய்ய வேண்டும். உரிமைதாரருக்கு எழுதும் கடிதத்தில் குறிப்பிட்ட தேதியும் அரங்கின் பெயரும் இருக்கைகளின் எண்ணிக்கையும் கேட்கப்படும் என்பதே இதற்குக் காரணம். அவை இல்லாத கடிதம் விசாரணையாக மட்டுமே கருதப்பட்டு ஒதுக்கிவைக்கப்படும்.

விழா நாளுக்கும் இரண்டாவது திரையிடலுக்கும் இடையில் மூன்று வாரங்களுக்கு மேல் இடைவெளி விடவேண்டாம். அதன்பின் மாதம் ஒன்று என்ற வேகத்துக்குப் போகலாம். விழாவில் புதிதாகச் சேரும் உறுப்பினர் சங்கத்துக்குப் பழகுவதற்கு முன்பே மறந்துவிடாமல் இருக்க இந்த முதல் இடைவெளி குறுகியதாக இருக்கவேண்டும்.

வாடகை நேரத்தைக் கணக்கிடும்போது படத்தின் ஓட்ட நேரத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. 100 நிமிடப் படம் என்றால், கருவிகளைப் பொருத்திச் சோதிக்க 90 நிமிடம், உரைகளுக்கு 20 நிமிடம், படத்துக்குப் பிந்தைய கலந்துரையாடலுக்கு 30 நிமிடம், பொருள்களை எடுத்துவைக்க 30 நிமிடம் என்று சேர்த்தால் நான்கரை மணி நேரம் ஆகிறது. மூன்று மணி நேரத்துக்கு அரங்கை எடுத்தவர்கள், பேச்சு சூடுபிடிக்கும்போது விளக்கை அணைக்க நிற்கும் காவலரின் முன் கலைந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கலந்துரையாடல்தான் சங்கத்தைத் திரையரங்கிலிருந்து வேறுபடுத்துகிறது. அதற்கான நேரத்தை முதலிலேயே ஒதுக்கவேண்டும்.

3. விழாப் பணத்தையும் தொடருக்கான பணத்தையும் பிரித்துவைத்தல்

ஆண்டு நிறைவை முன்னிட்டு நன்கொடைகள் வரும். அவை அடுத்த ஆண்டு வராது. ஆகையால் நன்கொடையை விழா மாலை, சிறப்பு மலர், திரை அல்லது ஒலிபெருக்கி வாங்குதல் போன்ற ஒருமுறைச் செலவுகளுக்குப் பயன்படுத்தவேண்டும். உரிமைக் கட்டணம், அரங்க வாடகை, பிரதியின் போக்குவரத்து ஆகியவை உறுப்பினர் சந்தாவிலிருந்தே ஈடுகட்டப்பட வேண்டும். சந்தா போதவில்லை என்றால் படங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே நேர்மையான வழி. பத்துப் படங்களை அறிவித்து ஏழோடு நிறுத்துவதைவிட, எட்டை அறிவித்து எட்டையும் காட்டும் சங்கத்தை உறுப்பினர்கள் நம்புகிறார்கள்.

உரிமைக் கட்டணம் பொதுவாக இரு வகையில் கேட்கப்படும். ஒன்று, காட்சி ஒன்றுக்கு நிலையான தொகை. மற்றொன்று, வசூலில் குறிப்பிட்ட விழுக்காடு, ஆனால் ஒரு குறைந்தபட்சத் தொகைக்குக் குறையாமல். தனித்தனி நுழைவுச்சீட்டு விற்காமல் சந்தா முறையில் இயங்கும் சங்கத்துக்கு இரண்டாவது முறையில் கணக்குக் காட்டுவது சிக்கலானது. எனவே நிலையான தொகையைக் கேட்டுப் பெறுவது எளிது. படச்சுருளை வரவழைத்தால் அதை வரவழைக்கும் செலவோடு திருப்பியனுப்பும் செலவும் காப்பீடும் சேரும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பினால் வங்கிக் கட்டணம் உண்டு. இவற்றைச் சேர்க்காமல் போட்ட கணக்கு முதல் இரண்டு படங்களிலேயே குலைந்துவிடும்.

4. படத்தேர்வு: இரண்டாவது படத்திலிருந்து தொடங்குதல்

செயற்குழு கூடியதும் எல்லோரும் தொடக்கவிழாப் படத்தைப் பற்றியே பேசுவார்கள். நான் முதலில் இரண்டாவது திரையிடலுக்கான படத்தைத் தேர்வு செய்யச் சொல்வேன். விழா மாலைக்கு மக்கள் வருவதற்குப் பல காரணங்கள் இருக்கின்றன. இரண்டாவது மாலைக்கு அவர்கள் வருவதற்குப் படம் ஒன்றே காரணம். ஆகவே அந்த இடத்துக்குச் சங்கத்தின் ரசனையைத் தெளிவாகக் காட்டும், ஆனால் முன்பயிற்சி எதுவும் இல்லாத பார்வையாளரும் உள்ளே நுழைய முடிகிற ஒரு படத்தை வைக்கவேண்டும்.

தொடக்கப் படத்துக்கு நான் வைக்கும் நிபந்தனைகள் மிகவும் நடைமுறை சார்ந்தவை. உரைகளும் சேர்வதால் அது 110 நிமிடங்களுக்குள் முடியவேண்டும். அதன் நல்ல பிரதி உறுதியாகக் கிடைக்கவேண்டும். சங்கம் முதன்முதலில் திரையிட்ட படத்தையே மீண்டும் காட்டவேண்டும் என்ற யோசனை எல்லா ஆண்டு விழாவிலும் எழும். அந்தப் படத்தின் புதுப்பிக்கப்பட்ட பிரதி கிடைக்குமானால் அது நல்ல யோசனைதான். கிடைக்காவிட்டால், மங்கிய பிரதியில் அதைக் காட்டுவது மூத்த உறுப்பினர்களின் நினைவுக்கும் புதியவர்களின் முதல் அனுபவத்துக்கும் சேர்ந்தே தீங்கு செய்யும்.

பழைய பதிவேட்டிலிருந்து எடுக்கும் படங்கள் தொடரில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் போனால் தொடர் முழுவதும் நினைவஞ்சலியின் தன்மையைப் பெற்றுவிடும். புதிதாக வருபவர் தமக்கு முன்பே நடந்து முடிந்த ஒன்றுக்கு விருந்தினராக வந்ததுபோல் உணர்வார். மீதி இடங்களில் சங்கம் இதுவரை தொடாத மொழிகளும் காலங்களும் வடிவங்களும் வரட்டும். பதிவேட்டை மொழி, பத்தாண்டு, இயக்குநர் என்று பிரித்துப் பார்த்தால் இடைவெளிகள் தாமாகவே தெரியும்: பல சங்கங்களில் ஆவணப்படங்களும் பெண் இயக்குநர்களின் படங்களும் மௌனப்படங்களும் வியக்கத்தக்க அளவு குறைவாக இருக்கும்.

ஒவ்வொரு தேதிக்கும் ஒரு முதன்மைப் படத்தையும் ஒரு மாற்றுப் படத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். மாற்றுப் படம் வேறொரு உரிமைதாரரிடம் இருப்பதாக இருக்கவேண்டும். இல்லையென்றால் ஒரே மறுப்பில் இரண்டும் போய்விடும்.

5. உரிமையும் பிரதியும்: இரண்டு தனித்தனி அனுமதிகள்

இந்தப் படியில்தான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். குறுந்தட்டு ஒன்றைச் சொந்தமாக வாங்கியிருப்பதோ, இணையத் தளம் ஒன்றில் சந்தா வைத்திருப்பதோ பொதுத் திரையிடலுக்கான உரிமையைத் தருவதில்லை. அவை வீட்டில் பார்ப்பதற்கானவை. நுழைவு இலவசம் என்பதாலோ, சங்கம் இலாப நோக்கமற்றது என்பதாலோ இது தானாக மாறிவிடாது. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், உங்கள் நாட்டில் திரைப்படச் சங்கங்களுக்கு விலக்குகளோ தணிக்கை தொடர்பான நிபந்தனைகளோ உண்டா என்பதை உங்கள் நாட்டுத் திரைப்படச் சங்கக் கூட்டமைப்பிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இயக்குநர் நமக்குத் தெரிந்தவர், அவர் சரி என்று சொல்லிவிட்டார் என்று நிம்மதியாக இருந்துவிடுவது இன்னொரு தவறு. திரையிடும் உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளரிடமோ, அவரிடமிருந்து வாங்கிய விநியோகஸ்தரிடமோ இருக்கும். அது நிலப்பகுதி வாரியாகவும் விற்கப்பட்டிருக்கும். ஒரு நாட்டில் உரிமை வைத்திருப்பவர் மற்றொரு நாட்டுத் திரையிடலுக்கு அனுமதி தர முடியாது. ஆகையால் இயக்குநரின் சம்மதத்தை நன்றியோடு பெற்றுக்கொண்டு, உரிமை இப்போது யாரிடம் இருக்கிறது என்பதையும் அவரிடமே கேட்கவேண்டும்.

பழைய படங்களுக்குக் காப்புரிமைக் காலம் முடிந்திருக்கும் என்று ஊகிப்பதிலும் எச்சரிக்கை தேவை. காப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை குறைந்தபட்ச அளவை மட்டுமே வகுக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் கால அளவைத் தானே நிர்ணயிக்கிறது. மூலப்படத்தின் காலம் முடிந்திருந்தாலும், மௌனப்படத்துக்குப் புதிதாக அமைத்த இசைக்கும் புதிதாக எழுதிய சப்டைட்டிலுக்கும் தனி உரிமை இருக்கும்.

ஆவணக்காப்பகத்திலிருந்து படச்சுருளோ டிஜிட்டல் பிரதியோ பெறும்போது இந்த இரட்டை அனுமதி இன்னும் தெளிவாகத் தெரியும். காப்பகம் வைத்திருப்பது பிரதியை; உரிமை பெரும்பாலும் வேறொருவரிடம் இருக்கிறது. எனவே முதலில் உரிமைதாரரின் எழுத்துபூர்வமான அனுமதியைப் பெற்று, அதன் நகலை இணைத்துக் காப்பகத்துக்கு எழுதவேண்டும். வரிசையை மாற்றி எழுதினால், காப்பகம் உங்களை உரிமைதாரரிடம் திருப்பியனுப்பும். அதில் சில வாரங்கள் வீணாகும்.

முதல் கடிதத்திலேயே இவை அனைத்தும் இருக்கட்டும்: சங்கத்தின் தன்மை, திரையிடும் தேதி, அரங்கும் இருக்கைகளும், காட்சிகளின் எண்ணிக்கை, நுழைவு இலவசமா கட்டணமா சந்தாவா என்ற விவரம், வேண்டிய பிரதியின் வகை, வேண்டிய சப்டைட்டில் மொழி. பதில் வராவிட்டால் இரண்டு வாரத்தில் நினைவூட்டல் அனுப்பி, மேலும் இரண்டு வாரத்தில் மாற்றுப் படத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். தொலைபேசியில் கிடைத்த சம்மதத்தை அன்றே மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்திக் கேட்பதும் அவசியம்; அலுவலகத்தில் ஆள் மாறினாலும் எழுத்து நிற்கும்.

6. பிரதியைச் சோதித்தல்

பிரதி கைக்கு வந்த அன்றே சோதனை தொடங்கவேண்டும். திரையிடலுக்கு முந்திய நாள் சோதித்தால் குறை தெரியும். ஆனால் அதைச் சரிசெய்யக் காலம் இருக்காது.

டிசிபி எனப்படும் டிஜிட்டல் சினிமாப் பிரதி வந்தால், முதலில் அது பூட்டப்பட்டதா இல்லையா என்று கேட்டறிய வேண்டும். பூட்டப்பட்டதென்றால் அதற்கான சாவிக் கோப்பு தனியாக வரும்; அது ஒரு குறிப்பிட்ட அரங்கில் படத்தை ஓட்டும் கணினியான சர்வருக்கும் ஒரு குறிப்பிட்ட கால எல்லைக்கும் மட்டுமே வேலைசெய்யும். அரங்கின் சர்வர் விவரத்தை முன்கூட்டியே அனுப்பியிருக்க வேண்டும் என்பதும், சாவியின் காலம் சோதனை நாளையும் உள்ளடக்கியிருக்க வேண்டும் என்பதும் இதிலிருந்து பெறப்படும். சாவி விழா மாலைக்கு மட்டும் செல்லுபடியாகுமானால், நீங்கள் சோதிக்காத படத்தையே நிறைந்த அரங்கில் ஓட்டவேண்டி வரும். முழுநீளப் படத்தின் டிசிபி நூறு ஜிபியைத் தாண்டுவது சாதாரணம்; அதைச் சர்வரில் ஏற்றுவதற்கும் நேரம் ஒதுக்கவேண்டும்.

படச்சட்டத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் அடுத்தது. ஒலிப்படக் காலத்தின் தொடக்கப் பத்தாண்டுகளில் எடுக்கப்பட்ட பல படங்கள் 1.37:1 விகிதத்தில் அமைந்தவை. பிற்கால அகலத்திரைப் படங்கள் 1.85, 2.39 போன்ற விகிதங்களில் வருகின்றன. ப்ரொஜெக்டரின் அமைப்பில் படத்தைத் திரை முழுவதும் நிரப்பும் தெரிவு இயங்கிக்கொண்டிருந்தால், பழைய படத்தில் முகங்கள் அகலமாகத் தெரியும் அல்லது தலைகள் வெட்டுப்படும். இருபக்கமும் கறுப்பு இடம் இருப்பது குறையன்று என்பதை அரங்க ஊழியருக்கும் முன்பே விளக்கிவிட வேண்டும். உதவும் எண்ணத்தில் அவரே அதை நிரப்பிவிடக்கூடும்.

ஓட்ட வேகத்தையும் பார்க்கவேண்டும். ஒலிப்படம் நொடிக்கு 24 பிரேம்கள் ஓடுவது. சில நாடுகளின் தொலைக்காட்சி முறைக்கேற்ப உருவாக்கிய டிவிடிகளில் அது 25 ஆக ஓடும். 120 நிமிடப் படம் ஏறத்தாழ 115 நிமிடத்தில் முடியும், குரலும் இசையும் சற்றே உயர்ந்து ஒலிக்கக்கூடும். மௌனப்படங்கள் பல இதைவிடக் குறைந்த வேகத்தில் எடுக்கப்பட்டவை: 18 பிரேமில் எடுத்ததை 24இல் ஓட்டினால் அது முக்கால் பங்கு நேரத்தில் முடிவதோடு, நடிகர்களின் அசைவுகள் பொருளற்ற பரபரப்பாகிவிடும்.

35 மி.மீ. படச்சுருள் கிடைக்கும் பேறு பெற்ற சங்கங்கள், ஒவ்வொரு சுருளின் தொடக்கத்தையும் முடிவையும் மேசையில் வைத்துப் பார்க்கவேண்டும். 2000 அடிச் சுருள் சுமார் 22 நிமிடம் ஓடும். ஆகவே ஒரு படத்துக்கு ஐந்தாறு சுருள்கள் இருக்கும். ஆவணக்காப்பகங்கள் பலவும் தம் பிரதியை வெட்டி ஒட்டி ஒரே பெருஞ்சுருளாக்குவதை அனுமதிப்பதில்லை. அப்படியானால் இரண்டு ப்ரொஜெக்டர்களை மாற்றி மாற்றி ஓட்டத் தெரிந்தவர் தேவை. அவர் கிடைப்பதை உறுதிசெய்த பிறகே சுருளைக் கேட்கவேண்டும்.

சப்டைட்டிலைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து படித்துப் பார்க்கவேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் எல்லாம் தெரியும். தளம் சரிவின்றி இருக்கும் அரங்குகளில், உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் வரும். திரையின் கீழ் விளிம்பு அதற்கு மேலே இல்லையென்றால் பின்வரிசையினர் அனைவரும் வசனத்தை இழப்பார்கள். ஒலியும் உதட்டசைவும் ஒத்துப்போகின்றனவா என்பதை அரங்கின் நடுவில் அமர்ந்து சோதிக்கவேண்டும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், 14 மீட்டருக்கு ஒரு பிரேம் என்ற அளவில் பின்னால் போகப்போகத் தாமதம் கூடும். காலியான அரங்கில் சரியாகத் தோன்றும் ஒலியளவு, ஆட்கள் நிறைந்ததும் தணிந்து கேட்கும். அதற்கேற்பச் சற்றுக் கூட்ட இடம் வைத்துக்கொள்ள வேண்டும்.

சோதனையின்போது பதிவுசெய்துகொண்ட ஒலியளவு, விகிதம், ப்ரொஜெக்டர் அமைப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ப்ரொஜெக்டரின் அருகே ஒட்டிவிடலாம். அந்த மாலையில் வேறொருவர் இயக்கினாலும் படம் கெடாது.

7. அறிவிப்பும் துண்டறிக்கையும்

எழுத்துபூர்வமான அனுமதி வந்த படங்களை மட்டுமே அறிவிக்கவேண்டும். எட்டில் ஐந்துதான் உறுதியாகியிருக்கிறது என்றால், ஐந்தை அறிவித்து மற்ற மூன்றின் தேதிகளை மட்டும் குறிப்பிடலாம். சில உரிமைதாரர்கள் பொதுவெளியில் விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்துவார்கள். அந்த நிபந்தனையை அனுமதிக் கடிதத்தில் தேடிப் பார்த்துவிட்டே அச்சுக்குக் கொடுக்கவேண்டும்.

துண்டறிக்கையில் ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு, இயக்குநர், நாடு, ஆண்டு, மொழி, சப்டைட்டில் மொழி, ஓட்ட நேரம், பிரதியின் வகை ஆகியவை இருக்கவேண்டும். ஓட்ட நேரத்தைச் சோதனையின்போது அளந்ததிலிருந்து எடுக்கவேண்டும். ஒரே படத்துக்குப் பல பதிப்புகள் இருப்பதால் பிற இடங்களில் காணும் எண் பொருந்தாமல் போகலாம். குறிப்பு எழுதுபவர் கதையைச் சொல்வதைக் குறைத்து, அந்தப் படத்தில் எதைக் கவனிக்கலாம் என்பதை நான்கைந்து வாக்கியங்களில் எழுதினால் போதும்.

8. பழைய உறுப்பினர்களை அழைத்தலும் புதியவர்களைச் சேர்த்தலும்

உறுப்பினர் பதிவேட்டில் விட்டுப்போனவர்களுக்குப் பொது அறிவிப்பை அனுப்புவதால் பெரிய பயன் இல்லை. அவர்களோடு பழகிய ஒருவர் பெயர் சொல்லி எழுதவேண்டும். அவர்கள் அறிமுகம் செய்த படமோ, வழிநடத்திய கலந்துரையாடலோ பதிவேட்டில் இருந்தால் அதைக் குறிப்பிடவேண்டும். இதற்கு உழைப்பு தேவை, ஆனால் ஒரு சங்கத்தின் வயதைக் கொண்டாடும்போது இதைவிடப் பொருத்தமான உழைப்பு வேறில்லை.

புதியவர்களுக்கு விழா மாலையை இலவசமாக்கி, சேரும் படிவத்தை வாயிலிலேயே வைக்கலாம். படிவத்தில் பெயர், தொடர்பு விவரம், பார்க்க விரும்பும் மொழி அல்லது வகை என்ற மூன்று கேள்விகள் போதும். தொடர்பு விவரத்தை எதற்குப் பயன்படுத்துவோம் என்பதையும் அங்கேயே எழுதிவிட வேண்டும்.

9. விழா மாலை

உரைகள் அனைத்தும் சேர்ந்து 20 நிமிடத்துக்குள் முடியவேண்டும். வரவேற்பு, சங்கம் கடந்து வந்த பாதை, புதிய தொடரின் அறிமுகம் என்ற மூன்று உரைகள் போதும். நன்றியுரையைத் துண்டறிக்கையில் அச்சிட்டுவிடலாம். தொடரின் அறிமுகம் கடைசியாக வரவேண்டும். அதில் இரண்டாவது திரையிடலின் தேதியும் படமும் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும், முடிந்தால் அந்தப் படத்தின் முன்னோட்டமும் காட்டப்பட வேண்டும். முன்னோட்டத்துக்கும் அனுமதி கேட்டிருக்க வேண்டும் என்பதை மறக்கவேண்டாம்.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது விளக்கைப் போடக்கூடாது. அவை முடிந்தபின் மங்கலாக விளக்கேற்றி, இரண்டு நிமிடம் விட்டுக் கலந்துரையாடலைத் தொடங்கலாம். முதல் கேள்வியைப் புதிதாக வந்த ஒருவரிடமிருந்து வரவழைக்க முயலவேண்டும். மூத்தவர்கள் முதலில் பேசினால் மற்றவர்கள் கேட்பவர்களாகவே நின்றுவிடுவார்கள். இதை மூத்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு ஒத்துழைப்பார்கள்.

10. இரண்டாவது திரையிடலும் கணக்கெடுப்பும்

விழா முடிந்த மூன்று நாட்களுக்குள் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நன்றி கூறி, அடுத்த திரையிடலின் நேரத்தையும் அரங்குக்கு வரும் வழியையும் எழுதவேண்டும். திரையிடலுக்கு முந்திய நாள் மற்றொரு சிறு நினைவூட்டல் போதும். அந்த மாலை வாயிலில் நிற்பவர், விழாவன்று நின்ற அதே ஆளாக இருந்தால், புதியவர்களின் முகத்தை அடையாளம் கண்டு வரவேற்க முடியும்.

வந்தவர்களை மூன்று வகையாகப் பிரித்து எண்ணவேண்டும்: தொடர்ந்து வரும் உறுப்பினர், விழாவில் சேர்ந்த புதியவர், விழாவையொட்டித் திரும்பிவந்த பழைய உறுப்பினர். மொத்த எண்ணிக்கை மட்டும் எடுத்தால் எந்த வேலை பலனளித்தது என்பது தெரியாது. புதியவர்கள் வராவிட்டால் அவர்களில் சிலரிடமாவது காரணத்தைக் கேட்கவேண்டும். கிழமையோ நேரமோ பொருந்தவில்லை என்ற பதிலே மிகுதியாக வருமானால், இன்னும் உரிமைக் கட்டணம் செலுத்தாத படங்களின் தேதிகளை அரங்கோடும் உரிமைதாரரோடும் பேசி மாற்றிக்கொள்ளக் காலம் இருக்கும்.

அதே வாரத்தில் அனுமதிக் கடிதங்கள், கட்டண ரசீதுகள், சோதனைத் தாள்கள், வருகைக் கணக்கு ஆகியவற்றை ஆண்டு எழுதிய ஒரே கோப்பில் சேர்த்து, அதன் நகலைச் செயலாளர் அல்லாத இன்னொருவரிடமும் கொடுத்துவைக்க வேண்டும்.